யாரோ நேரம் கேட்கிறார்கள்

"நடுவுல யாரோ நேரம் கேக்கறா. அப்போ யார்தான் கேட்டா? நீ கேக்கலே, நான் கேக்கலே, ராஜையன் அந்தப் பக்கம் உக்காந்து சாயா குடிச்சிண்டிருக்கான். பின்னே யாரு?"

"சத்தியமாட்டு நான் ஒரு தடவதான் கேட்டேன் சாரே. ஒரு தடவ கேட்டா ஒரு பதில்தானே இருக்கணும், அல்லே?"

"அதத்தான் நானும் கேக்கறேன். ஒரு தடவ கேட்டவளுக்கு மூணு பதில் எப்பிடி வந்தது? யட்சி ஏதாவது உன் தோள்மேல எட்டி மணி பாத்துட்டுப் போறதோ?"

பிளைவுட் தடுப்புக்கு இந்தப் பக்கம் ராஜையன் சாயா கிளாஸைக் கீழே வைத்தார். கல்யாணராமன் கத்துவது புதிதில்லை. கரமனை வீட்டிலிருந்து வரும்போதே யாரையாவது திட்டிக்கொண்டு வருகிற முதலாளி அவர். ஆர்ஷா பதிலுக்குப் பதில் பேசுவதும் புதிதில்லை. சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண், ஆனால் வேலையில் கெட்டி. ராஜையனை நிறுத்தியது அந்தச் சண்டையில்லை. யாரோ நேரம் கேட்கிறார்கள் என்ற அந்த வார்த்தை.

திருவனந்தபுரம் தம்பானூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பழைய லாட்ஜின் மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். மொத்தமே அவர்கள் மூன்று பேர்தான். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிவிடும் என்று உலகம் பயந்துகொண்டிருந்த வருஷம் அது. ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் வார்டு புரோகிராமைப் பழைய டாஸ் மெஷினிலிருந்து புதிய யூனிக்ஸ் மெஷினுக்கு மாற்றித் தருகிற வேலை கையில் இருந்தது. நர்ஸ் எந்த மருந்தை எத்தனை மணிக்குக் கொடுத்தாள் என்று பதிவாகிற புரோகிராம். திங்கட்கிழமை காலையில் மெஷின் வார்டுக்குப் போக வேண்டும்.

பழைய புரோகிராம் நேரத்தை டாஸிடம் நேராகக் கேட்டது. அந்த முறையில், கேட்கிறவர்கள் அவரவர் பாத்திரத்தைக் கொண்டுபோய் நீட்டுவார்கள், அதில் மணியும் நிமிஷமும் ஊற்றித் தரும். ஆனால் அது டாஸில் மட்டும்தான் செல்லும். எந்த மெஷினிலும் ஓட வேண்டுமென்றால் சி மொழியின் பொது வழிக்கு வர வேண்டும். முதலில் டைம் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டால் ஒரு பெரிய எண் கிடைக்கும். அதை லோக்கல்டைம் என்ற இன்னொன்றிடம் கொடுத்தால், அது அந்த எண்ணை வருஷம், மாசம், மணி, நிமிஷம் என்று உடைத்துத் தன்னிடமுள்ள ஒரே ஓர் இடத்தில் எழுதி வைத்துவிட்டு, அந்த இடத்தின் விலாசத்தை மட்டும் தரும். யார் கேட்டாலும் அதே இடம்தான், அதே விலாசம்தான். ரயில்வே ஸ்டேஷன் தண்ணீர்க் குழாயில் சங்கிலி போட்டுக் கட்டிய டம்ளர் மாதிரி. கடைசியாக யார் பிடித்தார்களோ அவர்கள் தண்ணீர்தான் அதில் இருக்கும்.

ஆர்ஷா ஒரு தடவை கேட்டு, விலாசத்தை வைத்துக்கொண்டு, மற்ற விவரங்களைத் தட்டிவிட்டுத் திரும்ப அந்த இடத்தைப் பார்த்தால், நேரம் மாறியிருக்கிறது. அப்படியென்றால் நடுவில் யாரோ நேரம் கேட்டிருக்க வேண்டும். புரோகிராமில் வேறு யாரும் கேட்கவில்லை. ராஜையன் வரி வரியாகப் பார்த்துவிட்டார். யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமையான அன்று சாயங்காலம் இரண்டு பேரும் போன பிறகு, அவர் தனியாக ஒரு சின்ன புரோகிராம் எழுதினார். ஒரே ஒரு தடவை நேரம் கேட்கும். அப்புறம் எதுவும் கேட்காது. அந்த டம்ளரை மட்டும் பார்த்துக்கொண்டே இருக்கும், அதில் இருப்பதைத் திரையில் காட்டிக்கொண்டே இருக்கும். ஒழுங்கான உலகத்தில் அந்த நேரம் அப்படியே நிற்க வேண்டும்.

நின்றது. ரொம்ப நேரம் நின்றது. அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அப்போது அது மாறியது.

தமிழ்க் கணினிக்காரர்களின் மின்னஞ்சல் குழு ஒன்றில் அவர் உறுப்பினர். நடந்ததை எழுதிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். பாறசாலை பஸ்ஸில் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தபோதும் அந்த மாற்றத்தின் தினுசுதான் மனசில் ஓடியது. ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு தடவை. கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்து, தொந்தரவு செய்கிறோமே என்று தயங்கி, பிறகு கேட்கிற மாதிரி.

அவருக்கு அப்படிக் கேட்கிற ஒருத்தியைத் தெரியும்.

போன வருஷம் ஜூன் மாச இடவப்பாதி மழையில் அவர் மனைவி தங்கபாய் அதே மிஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சர்க்கரை முதலில் காலையும், பிறகு சிறுநீரகத்தையும், கடைசியில் கண்ணையும் தின்றிருந்தது. பால் ஊற்றின மாதிரி வெள்ளையாகத் தெரிகிறது என்பாள். பெங்களூரில் நர்சிங் படிக்கிற மகள் ஷீனா அன்று சாயங்கால வண்டியில் வருவதாக இருந்தது. வழியில் மண் சரிந்து வண்டி எங்கேயோ நின்றுவிட்டது. தங்கபாய் கட்டிலில் கிடந்தபடி, முகத்தை அவர் இருக்கிற பக்கம் திருப்பி, "ஷீனாக்க அப்பா, மணி எத்தற ஆச்சு?" என்று கேட்டாள். முதலில் எப்போதாவது ஒரு தடவை. பிறகு கொஞ்சம் சீக்கிரமாக. பிறகு ஒரு பதில் முடிவதற்குள் அடுத்தது.

அவர் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில் சொன்னார். வண்டி தாமதம் என்று அவளுக்குத் தெரியக் கூடாது, நேரம் போய்விட்டது என்று தெரியக் கூடாது. "நாலுதான் ஆவுது தங்கம். வண்டி வர நேரம் கெடக்கு. நீ கண்ண மூடிக் கெட." வெளியே விளக்குப் போட்ட பிறகும் நாலுதான். நைட் டூட்டி நர்ஸ் வந்த பிறகும் நாலுதான். அவள் கடைசி வரை நாலு மணியிலேயே காத்திருந்தாள்.

ஷீனா ராத்திரி மழையில் ஒற்றையாக வந்து சேர்ந்தபோது கட்டில் காலியாக இருந்தது. எத்தனை மணி வரை அம்மை காத்திருந்தாள் என்று மட்டும் கேட்டாள். அவர் கட்டில் விரிப்பை மடிக்கக் குனிந்தார். அதற்கப்புறம் அவள் ஒரு வருஷமாக வீட்டுக்கு வரவில்லை. போன வாரம்தான் போன் பண்ணினாள். முதல் வருஷ ஜெபத்துக்கு வருவதாகவும், ஞாயிற்றுக்கிழமை சாயங்கால வண்டி என்றும் சொன்னாள். வைப்பதற்கு முன்னால் ஒன்று சொன்னாள்.

"அன்னைக்கு ஸ்டேஷன்ல யாருமே இல்ல அப்பா. இந்தத் தடவயும் பிளாட்பாரத்துல உங்கள பாக்கலேன்னா, அடுத்த வண்டிக்கு அப்பிடியே திரும்பிப் போயிருவேன். பின்ன வரமாட்டேன்."

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் ஆபீஸுக்கு வந்தார். ஸ்டேஷன் கூப்பிடு தூரம். வண்டி ஐந்து மணிக்கு. அதற்குள் மெஷின் வேலையையும் முடித்துவிடலாம்.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. லாட்ஜ் படிக்கட்டில் நனைந்த சாக்கின் நாற்றமும் கீழ்த்தளத்தில் தரை துடைத்த பினாயில் நாற்றமும் ஏறி வந்தன. மேலே வர வர அந்தப் பினாயிலுக்குள் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சின் வாடை கொஞ்சம் கலந்திருந்த மாதிரி இருந்தது. அவர் நின்று முகர்ந்து பார்த்தார். பிறகு, லாட்ஜில் யாருக்காவது ஊசி போட்டிருப்பார்கள் என்று தனக்கே சொல்லிக்கொண்டு பூட்டைத் திறந்தார். ஸ்டேஷன் ஒலிபெருக்கி மழையைத் தாண்டி யாத்ரக்காருடெ சிரத்தைக்கு என்று மலையாளத்தில் பயணிகளைக் கூப்பிட ஆரம்பித்து, ஏதேதோ வண்டிகளைச் சொல்லி, பாதியில் காற்றோடு போனது.

குழுவில் பதில்கள் வந்திருந்தன. உன் புரோகிராமுக்குள் உனக்குத் தெரியாமல் இன்னொருவர் கேட்கிறார், தேடு என்று ஒருவர் எழுதியிருந்தார். தேடுவதை விடு, லோக்கல்டைம் தந்ததும் அதை உன் சொந்த இடத்தில் காப்பி எடுத்து வைத்துக்கொள், அப்புறம் யார் எத்தனை தடவை கேட்டாலும் உன்னுடையது மாறாது என்று இன்னொருவர். கல்யாணராமனும் காலையில் போனில் அதையேதான் சொல்லியிருந்தார். அது ராஜையனுக்குத் தெரியாததில்லை. ஒரே ஒரு வரி. நேற்றே எழுதியிருக்கலாம். ஏனோ கை வரவில்லை.

சின்ன புரோகிராமை ஓடவிட்டார்.

இன்று அது ரொம்ப நேரம் நிற்கவில்லை. கொஞ்சம் நின்றது, மாறியது. மறுபடி நின்றது, மாறியது. திரையின் பச்சை எழுத்து ஒவ்வொரு தடவை மாறும்போதும் அவர் முதுகில் யாரோ மூச்சு விடுகிற மாதிரி ஒரு குளிர் வந்து போனது, மழை ஈரம்தான், ஜன்னல் கொக்கி சரியில்லை, அதனால்தான் என்று அவர் எழுந்துபோய்க் கொக்கியை மாட்டிவிட்டு வந்தார். உட்கார்வதற்குள் மாறியது. பேனாவை எடுப்பதற்குள் மாறியது. ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவில் இருக்கிற இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. இந்தச் சுருக்கம் அவருக்குத் தெரியும். இது எங்கே போய் முடியும் என்றும் தெரியும்.

"தங்கம்" என்றார் மெதுவாக.

மாறியது.

"நான் இங்கதான் இருக்கேன்."

மாறியது. மாறியது. மாறியது.

அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். பயம்தான். ஆனால் பயத்துக்கு அடியில் இன்னொன்றும் கிடந்து அழுதது. ஒரு வருஷமாக இவள் கேட்டுக்கொண்டேயா இருக்கிறாள்? பழைய முறையில் ஆளுக்கொரு பாத்திரம், அதனால் யாருக்கும் தெரியவில்லை. பொது டம்ளருக்கு வந்த பிறகுதான் தெரிகிறது. இந்த மெஷின் நாளை வார்டுக்குப் போகும். அங்கேயும் கேட்பாள். மருந்து நேரமெல்லாம் மாறும். பிழைத்துக் கிடக்கிறவர்களுக்குத் தப்பான நேரத்தில் மருந்து போகும்.

அந்த ஒரு வரியை எழுதினார். லோக்கல்டைம் எழுதிய இடத்திலிருந்து தன் இடத்துக்குக் காப்பி. இனி அவள் எவ்வளவு கேட்டாலும் இது மாறாது. ஓடவிட்டார்.

திரையில் மணி நாலு.

அசையவில்லை. அவர் டம்ளரையும் பார்த்தார். அதிலும் நாலு. அதுவும் அசையவில்லை. கேட்பது நின்றுவிட்டது.

அப்பாடா என்று இருந்தது. பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தார். வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கோடை மழையோ, இடவப்பாதியோ, இந்த ஊரில் மழை நாளில் மத்தியானமும் ஒன்றுதான், சாயங்காலமும் ஒன்றுதான். ஜன்னல் வழியாக ஒரே சாம்பல் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. அவர் மேஜையை ஒதுக்கினார். ஆர்ஷாவுக்குக் குறிப்பு எழுதி வைத்தார். குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். கீழே ஆட்டோக்கள் ஹெட்லைட் போட்டுக்கொண்டு போயின. மழையில் சீக்கிரமே போடுவார்கள்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலு.

இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தார். அப்போதுதான் ஒன்று உறைத்தது. தண்ணீர் குடித்து, மேஜை ஒதுக்கி, குறிப்பெழுதி, இவ்வளவுக்குமா நாலு? மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். நின்றுபோகவில்லை. நொடி முள் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சுற்று முழுசாகச் சுற்றி மேலே வந்தது. நிமிஷ முள் நகரவில்லை. இன்னொரு சுற்று. நகரவில்லை. சுவரில் கல்யாணராமன் மாட்டிய கடிகாரத்தைப் பார்த்தார். அங்கேயும் முள் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அங்கேயும் நாலு.

காப்பி. தனி இடம். யார் எத்தனை தடவை கேட்டாலும் மாறாத நேரம்.

அன்று வார்டில் அவர் செய்ததும் இதுதானே.

மெஷினை அணைத்தார். திரை இருண்டது. கைக்கடிகாரத்தில் நாலு. ஸ்டேஷன் ஒலிபெருக்கி ஆரம்பித்தது. மழையில் பாதி போனாலும் பெங்களூர் என்பது கேட்டது, பிளாட்பாரம் என்பது கேட்டது. வண்டி வருகிறது. இல்லை, எப்படி வரும், நாலுதானே ஆகிறது, நேரம் கிடக்கிறதே. எழுந்தார். எழுந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் கிடக்கிறது. உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்தது தெரிந்தது. மறுபடி எழப் பார்த்தார். கால் கனத்தது. முட்டிக்குக் கீழே ஐஸ் மாதிரி இருந்தது. நாற்காலியின் முதுகு பின்னால் இல்லை. இரும்புக் கம்பி மாதிரி ஏதோ இருந்தது. குளிர்ந்த கம்பி.

வெளிச்சம் வெள்ளையானது. ஜன்னல் வெள்ளை. சுவர் வெள்ளை. பால் ஊற்றின மாதிரி.

கடிகாரம் தெரியவில்லை.

மேஜைமேல் தடவி டெலிபோனை எடுத்தார். நேரம் சொல்கிற எண் விரலுக்குத் தெரியும், மெஷின்களில் மணி வைக்கும்போதெல்லாம் அதைத்தான் சுற்றுவார். பதிவு செய்த ஒரு பெண் குரல், மலையாளத்தில், இங்கிலீஷில், ஓயாமல் நேரம் சொல்லிக்கொண்டிருக்கும். யாரையும் ஏமாற்றாத குரல். சுற்றினார். மணி அடித்தது. எடுத்தார்கள்.

குரல் வரவில்லை. மூச்சு மட்டும் வந்தது.

அந்தக் குரலிடம் யாரும் பேசுவதில்லை, அது வெறும் பதிவுதான். ஆனாலும் அவர் வாய் தானாகத் திறந்தது.

"மணி எத்தற ஆச்சு?"

பதில் போனிலிருந்து வரவில்லை. அவர் தலைமாட்டிலிருந்து வந்தது. இரக்கமான குரல். களைத்த குரல். ஒரு நோயாளியிடம் பேசுகிற குரல்.

"நாலுதான் ஆவுது. வண்டி வர நேரம் கெடக்கு. நீங்க கண்ண மூடிக் கெடங்க."

ஒரு கை அவர் நெற்றியில் படிந்தது. ஸ்பிரிட் வாடை. பஞ்சு வாடை. அது மெதுவாக இறங்கி அவர் கண்கள்மேல் படிந்து நின்றது. அழுத்தவில்லை. எடுக்கவும் இல்லை.

தூரத்தில் வண்டி ஊதியது. பிறகு ஒலிபெருக்கி, திரும்பிப் போகிற வண்டியைச் சொல்ல ஆரம்பித்தது.

கண் இல்லாவிட்டாலும் விரலுக்குக் கீபோர்டு தெரியும். போன் லைனை மெஷினில் செருகவும், சுவிட்சைப் போடவும் தெரியும். மோடம் கிறீச்சிட்டு அழுது அடங்கியது. அந்தக் கை கண்மேல் இருக்கிறபடியே ராஜையன் குழுவுக்கு எழுதினார். எழுதியது இவ்வளவுதான்:

நேற்றுக் கேட்டவன்தான் எழுதுகிறேன். யார் கேட்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது. அதைத் தேட வேண்டாம். இங்கே எல்லாக் கடிகாரமும் நாலு என்கிறது. என் மகள் பிளாட்பாரத்தில் நிற்கிறாள், திரும்பிப் போகிற வண்டி புறப்பட்டுவிட்டதா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும். இதைப் படிக்கிறது யாராக இருந்தாலும், உங்கள் கையில் இருக்கிற கடிகாரத்தைப் பார்த்து, இப்போது மணி என்ன ஆச்சு என்று பதில் போடுங்கள். நான் வருத்தப்படுவேன் என்று குறைத்துச் சொல்லாதீர்கள். ஒரே ஒரு எண் போதும். கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள்.